யூஃபிலெட்டோஸ் வீட்டு அடிமைப்பெண்: என் பழைய பதிவுக்கு ஒரு திருத்தம்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே தளத்தில், ஏதென்ஸ் நகரத்து லிசியாஸ் எழுதிய ஒரு வழக்குரையைப் பாராட்டி ஒரு பதிவு போட்டிருந்தேன். அவருடைய உரைகளில் முதலாவதாக வைத்து அச்சிடப்படுவது அது. எரதோஸ்தெனிஸ் என்பவனின் கொலை வழக்கில் கொன்றவன் தரப்பில் பேசப்பட்டது. "இரண்டாயிரத்து நானூறு வருஷம் கழிச்சும் ஒரு சாதாரண மனுஷனின் நேர்மையான குரல் நமக்குக் கேட்கிறது" என்கிற மாதிரி அன்றைக்கு எழுதினேன். நிறைய பேர் படித்தீர்கள், சில பேர் நன்றாக இருக்கிறது என்று மெயிலும் அனுப்பினீர்கள். அந்தப் பதிவு தப்பு. தகவல்களில் பெரிய பிழை இல்லை. படித்த விதத்தில்தான் பிழை.

தப்பைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் மனைவி. போன மாசம் ஒரு நாள் கரண்ட் போயிருந்தது. சாப்பிட்டபடி இந்தக் கதையை ரசித்து ரசித்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்த வேலைக்காரப் பொண்ணு அப்புறம் என்ன ஆனா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அதைவிட மோசம், அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றவில்லை. மூன்று தடவை படித்தவன் நான். மறுபடியும் உட்கார்ந்து படித்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

முதலில் பின்னணி. லிசியாஸ் ஏதென்ஸில் வாழ்ந்தாலும் அந்நகரின் குடிமகன் இல்லை. அவருடைய அப்பா செஃபலோஸ் சிசிலித் தீவின் சிராகூஸிலிருந்து வந்து குடியேறியவர். இப்படிப்பட்டவர்களுக்கு மெட்டிக் என்று பெயர். வரி கட்டலாம், தொழில் நடத்தலாம், ஆனால் ஓட்டு கிடையாது. குடும்பத்துக்குக் கேடயம் செய்யும் பட்டறை இருந்தது, நல்ல வசதி. கி.மு. 404-இல் முப்பது பேர் கொண்ட கும்பல் ஏதென்ஸில் ஆட்சியைப் பிடித்தபோது பட்டறையைப் பறித்துக்கொண்டு, லிசியாஸின் அண்ணன் பொலெமார்க்கோஸைக் கொன்றார்கள். லிசியாஸ் தப்பி ஓடினார். 403-இல் ஜனநாயகம் திரும்பிய பிறகு அவர் செய்த தொழில், மற்றவர்களுக்கு வழக்குரை எழுதிக் கொடுப்பது.

ஏதென்ஸ் நீதிமன்றத்தில் நம்ம ஊர் மாதிரி கறுப்புக் கோட்டு வக்கீல் கிடையாது. வழக்கில் சிக்கியவன் தானே எழுந்து நின்று பேச வேண்டும். பேசத் தெரியாதவன் காசு கொடுத்து உரை எழுதி வாங்கி மனப்பாடம் செய்துகொள்வான். எழுதுபவரின் திறமை, அது எழுதி வாங்கியது என்று தெரியாதபடி எழுதுவதில் இருக்கிறது. அதில் லிசியாஸை மிஞ்ச ஆள் இல்லை என்று பழங்கால விமர்சகர்களே சொன்னார்கள். நான் கேட்ட அந்த "சாதாரண மனுஷனின் நேர்மையான குரல்" அவர் விற்ற சரக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

இனி கதை. யூஃபிலெட்டோஸ் என்பவன் தன் வீட்டில் எரதோஸ்தெனிஸைக் கொன்றுவிட்டான். (பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரதோஸ்தெனிஸ் வேறு, அவர் பின்னால் வந்தவர்.) கொன்றதை மறுக்கவில்லை. கொன்றேன், ஆனால் சட்டப்படி கொன்றேன் என்பதுதான் வாதம். இந்த வகை வழக்குகளுக்கென்றே டெல்ஃபினியோன் என்று தனி நீதிமன்றம் இருந்தது. தோற்றால் உயிரும் போகும், சொத்தும் போகும்.

அவன் சொல்வது இது. கல்யாணம் ஆன புதிதில் மனைவியைக் கண்காணித்து வந்தேன். குழந்தை பிறந்ததும் முழுசாக நம்பினேன். சிக்கனமாகக் குடும்பம் நடத்தினாள். என் அம்மா இறந்தபோது, சவ ஊர்வலத்தில் எரதோஸ்தெனிஸ் என் மனைவியைப் பார்த்துவிட்டான். கடைத்தெருவுக்குப் போகும் எங்கள் அடிமைப்பெண்ணை மடக்கி அவள் மூலம் தூது விட்டான். எங்கள் வீடு சின்னது, மாடி வீடு. பெண்கள் மாடியில், நான் கீழே. குழந்தையைக் குளிப்பாட்டப் படியிறங்கி அவள் விழுந்துவிடக் கூடாதே என்று இடத்தை மாற்றிக்கொண்டோம். நான் மேலே போனேன், பெண்கள் கீழே வந்தார்கள்.

ஒரு நாள் எதிர்பாராமல் நிலத்திலிருந்து வீடு திரும்பினேன். சாப்பிட்ட பிறகு குழந்தை அழுதது. அடிமைப்பெண் வேண்டுமென்றே அழ வைத்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. அவன் அப்போது வீட்டுக்குள் இருந்தான். போய்ப் பால் கொடு என்றேன். முதலில் போகமாட்டேன் என்றாள். பிறகு, நான் போனால் நீ அந்தப் பெண்ணிடம் வம்பு பண்ணவா, முன்னாடி குடித்துவிட்டு அவளை இழுத்தவன்தானே என்று கேலி செய்தாள். நான் சிரித்தேன். அவள் விளையாட்டு மாதிரி என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். நானும் நிம்மதியாகத் தூங்கினேன். விடியற்காலையில் வந்தவளிடம் ராத்திரி ஏன் கதவுச் சத்தம் கேட்டது என்றேன். விளக்கு அணைந்தது, பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கினேன் என்றாள். முகத்தில் வெள்ளைப் பூச்சு பூசியிருந்த மாதிரி தெரிந்தது, அவளுடைய சகோதரன் செத்து முப்பது நாள்கூட ஆகவில்லை. அப்போதும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

கதவுச் சத்தம், அழும் குழந்தை, பூசிய முகம். ஒரு அப்பாவி, நடந்ததை நடந்தபடி ஞாபகப்படுத்திச் சொல்கிறான் என்றே தோன்றும். எரதோஸ்தெனிஸ் கைவிட்ட வேறொரு பெண் ஒரு கிழவியை அனுப்பி விஷயத்தை உடைத்த பிறகுதான் அவன் கண் திறக்கிறது. அடிமைப்பெண்ணைத் தனியாக ஒரு நண்பன் வீட்டுக்குக் கூட்டிப்போய் விசாரிக்கிறான். அவள் ஒத்துக்கொண்டு, கையும் களவுமாகப் பிடித்துக் கொடுப்பதாக வாக்குத் தருகிறாள். நாலைந்து நாள் கழித்து, சோஸ்ட்ராட்டோஸ் என்ற நண்பன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போன ராத்திரியில், அவள் வந்து எழுப்புகிறாள். இவன் நைசாக வெளியே போய் அக்கம்பக்கத்து ஆட்களைத் திரட்டி, பக்கத்துக் கடையில் தீவட்டி வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறான். அறைக் கதவைத் தள்ளினால் உள்ளே எரதோஸ்தெனிஸ். அடித்துச் சாய்த்துக் கையைப் பின்னால் கட்டுகிறான். அவன் தப்பை ஒத்துக்கொள்கிறான். கொல்லாதே, பணம் வாங்கிக்கொள் என்று கெஞ்சுகிறான். அதற்கு இவன், உன்னைக் கொல்லப்போவது நானில்லை, நகரத்தின் சட்டம் என்று சொல்லிவிட்டுக் கொன்றானாம்.

அந்த இடத்தை என் பழைய பதிவில் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். இப்போது அதையே முதலில் பிரித்துப் பார்ப்போம்.

ஸாஃப்ட்வேர்க்காரர்களுக்கு ஆர்.எஃப்.சி. 2119 தெரிந்திருக்கும். 1997-இல் வந்த சின்ன ஆவணம். ஒரு விவரக்குறிப்பில் "செய்தே ஆக வேண்டும்" என்றால் என்ன, "செய்வது நல்லது" என்றால் என்ன, "செய்யலாம்" என்றால் என்ன என்று வரையறுப்பதுதான் அதன் வேலை. "செய்யலாம்" என்று எழுதியதை "செய்தே ஆக வேண்டும்" என்று படித்தால் நிரல் தப்பாகிவிடும். யூஃபிலெட்டோஸ் செய்வது அதைத்தான்.

நீதிமன்றத்தில் சட்டம் வாசிக்கப்பட்டது. ஆனால் நமக்குக் கிடைத்த சுவடிகளில் அந்த இடத்தில் "சட்டம்" என்ற தலைப்பு மட்டும் இருக்கு, வாசகம் இல்லை. டிராக்கோவின் பெயரால் வழங்கும் கொலைச் சட்டத்தின் வாசகம் டெமோஸ்தெனிஸின் 23-ஆவது உரையில் இருக்கிறது. தன் மனைவி, தாய், சகோதரி, மகள், அல்லது குழந்தை பெறுவதற்காக வைத்துக்கொண்ட பெண் ஆகியோருடன் ஒருவன் படுத்திருக்கும்போது பிடித்துக் கொன்றால், கொன்றவனை அதற்காக நாடு கடத்தக் கூடாது என்பது அதன் பொருள். அதே பட்டியலில் விளையாட்டுப் போட்டியில் தெரியாமல் கொன்றவனும், போரில் ஆள் தெரியாமல் தன் பக்கத்தவனையே கொன்றவனும் வருகிறார்கள். விளையாட்டில் எதிராளியைக் கொல்லும்படி எந்தச் சட்டமும் கட்டளையிடாது இல்லையா? இது தண்டனை விலக்குப் பட்டியல்.

நடைமுறையும் அப்படித்தான் இருந்தது. பிடிபட்டவனிடம் நஷ்டஈடு வாங்கலாம், வழக்குப் போடலாம், அவமானப்படுத்தி அனுப்பலாம். நியாய்ராவுக்கு எதிரான புகழ்பெற்ற உரையில், ஸ்டெஃபனோஸ் என்பவன் எபைனெட்டோஸ் என்பவனை இப்படிப் பிடித்து வைத்துக்கொண்டு 30 மினா கேட்கும் சம்பவம் வருகிறது. பணம் வாங்கிக்கொள் என்று எரதோஸ்தெனிஸ் கெஞ்சியது வினோதமான யோசனை இல்லை. ஊரில் புழங்கிய வழி.

ஆனால் உரை நெடுக, சட்டம் என்னை விடுவிப்பது மட்டுமில்லை, இந்தத் தண்டனையைக் கொடுக்கும்படி ஆணையே இடுகிறது என்று யூஃபிலெட்டோஸ் அழுத்திச் சொல்கிறான். எனக்குக் கிரேக்கம் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். லோப் வரிசையில் வந்த லாம்பின் ஆங்கில மொழிபெயர்ப்பையும், பெர்சியஸ் தளத்தில் மூலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆணையிடுதல் என்ற அதே வினைச்சொல்தான் திரும்ப வருகிறது. உரை முடியும் இடத்தில் அவனே மாட்டிக்கொள்கிறான். பிடிபட்டவனை உன் விருப்பப்படி நடத்து என்று சட்டம் ஆணையிடுவதாகச் சொல்கிறான். விருப்பப்படி செய் என்பது ஒரு கட்டளையா? விருப்பம் என்று வந்துவிட்டால் முடிவு எடுத்தவன் யார்? கொன்றது சட்டம் இல்லை, யூஃபிலெட்டோஸ்.

இதில் ஒரு வேடிக்கை. உத்தரவுப்படிதான் செய்தேன் என்கிற சாக்கை ஏதென்ஸில் மிக நன்றாகக் கிழித்துப் போட்டவர் லிசியாஸ்தான். அவருடைய 12-ஆவது உரை, அண்ணன் கொலைக்காக அவரே முன்வைத்த குற்றச்சாட்டு. எதிராளி, முப்பது பேரில் ஒருவன், பெயர் அதே எரதோஸ்தெனிஸ். (ரெண்டு பேரும் ஒரே ஆளா, உறவினர்களா என்று ஆய்வாளர்கள் விவாதித்துக்கொண்டே இருக்கிறார்கள்.) மற்றவர்கள் உத்தரவிட்டார்கள், பயத்தில் பொலெமார்க்கோஸைக் கைது செய்தேன் என்கிறான் அவன். லிசியாஸ் விடவில்லை. ஆட்சி நடத்தியவனே உத்தரவைக் காரணம் காட்டினால் பிறகு யாரைத்தான் தண்டிப்பது என்று மடக்குகிறார்; வழியில் பார்த்தவனைப் பிடிக்காமல் விட்டிருக்கலாமே என்கிறார். அதாவது, உனக்கு வேறு வழி இருந்தது, நீ தேர்ந்தெடுத்தாய். கொடுங்கோலர் உத்தரவும் ஜனநாயக நகரத்தின் சட்டமும் ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வி ரெண்டு இடத்திலும் ஒன்றுதான். சொந்தத் துக்கத்தில் கேட்ட கேள்வியை, காசு வாங்கி எழுதிய உரையில் யாரும் கேட்டுவிடாதபடி பார்த்துக்கொண்டார்.

சரி, உரையில் அவன் பாடுபட்டு நிறுவும் பகுதியை நம்ப முடியாது. அப்படியானால் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா? இல்லை. இங்கேதான் மனைவியின் கேள்விக்கு வருகிறேன்.

வழக்குரை ஒன்றில் ரெண்டு வகை வாக்கியங்கள் உண்டு. ஒன்று, பேசுபவன் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வது. அதில் பொய் இருக்கலாம். இன்னொன்று, காப்பாற்றத் தேவையே இல்லை என்று நினைத்துப் போகிற போக்கில் சொல்வது. கேட்கிறவர்கள் முகம் சுளிக்கமாட்டார்கள் என்று தெரிந்ததால்தான் அதை மறைக்காமல் சொல்கிறான். அந்தச் சமூகத்தைப் பற்றி நம்பகமான சாட்சி ரெண்டாவது வகைதான். சர்வர் விழுந்தால், "எர்ரர்" என்று கத்தும் வரியை விட்டுவிட்டு அதற்கு மேலே அமைதியாக ஓடும் சாதாரண லாக் வரிகளைப் படி என்று என் முதல் டீம் லீடர் சொல்வார். அதே புத்தி இங்கேயும் வேண்டியிருக்கிறது.

அந்த அமைதியான வரிகளில் அடிமைப்பெண்ணைத் தேடிப் பாருங்கள். அவளுக்குப் பெயர் இல்லை. கடைத்தெருவுக்குப் போனவளை எரதோஸ்தெனிஸ் தூதுக்குப் பயன்படுத்துகிறான். எஜமானி, குழந்தையை அழ வைக்கவும் கதவைத் திறக்கவும் பயன்படுத்துகிறாள். எஜமானன் குடித்துவிட்டு அவளை இழுத்திருக்கிறான். அது கணவன் மனைவிக்கு நடுவில் ஒரு ஜோக், அவன் சிரித்தான், நீதிமன்றத்திலும் அதைச் சொல்கிறான். தான் எவ்வளவு வெகுளியாக ஏமாந்தேன் என்று காட்ட அந்த ஜோக் அவனுக்கு உதவுகிறது. வேறொருவன் வீட்டுக்குள் நுழைந்து என் பெண்ணைத் தொட்டான் என்று கொலை செய்தவன், தன் வீட்டுக்குள் தான் செய்ததைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான். அந்த அவையில் யாருக்கும் இது இடிக்காது என்று லிசியாஸுக்குத் தெரியும். இடிக்கும் என்றால் எழுதியிருக்கமாட்டார்.

பிறகு அந்த விசாரணை. நண்பன் வீட்டில் அவளிடம் ரெண்டு வழி வைக்கிறான்: ஒன்று, சாட்டையடியும், தானியம் அரைக்கும் ஆலையில் வாழ்நாள் முழுக்கக் கிடப்பதும், இன்னொன்று, உண்மையைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. முதலில் மறுக்கிறாள். எரதோஸ்தெனிஸ் பெயரைச் சொன்னதும் காலில் விழுகிறாள். பழைய பதிவில் இதை "துப்பறியும் கதை மாதிரி" என்று எழுதியிருக்கிறேன். இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கு.

மூன்று பேரும் அவளை ஏவினார்கள். மூவரில் யார் சொல்லையும் மறுக்கும் நிலையில் அவள் இல்லை. எரதோஸ்தெனிஸ் போட்ட தூதை மறுத்தால் எஜமானி, எஜமானிக்கு உதவினால் எஜமானன், எஜமானனுக்கு உதவினால் எஜமானி. கடைசி ராத்திரியில் அவனை எழுப்பியதும் அவள்தான். அதோடு அவள் கதையிலிருந்து போய்விடுகிறாள். திரும்பத் தலைகாட்டுவது ஒரே இடத்தில். அவளை விட்டு அந்த இளைஞனை வரவழைத்துப் பொறி வைத்தான் என்று எதிர்த்தரப்பு சொன்னதாம். அதற்குப் பதில் சொல்லும் இடம். பொறி இல்லை என்று சொல்ல அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஏதென்ஸில் அடிமையின் வாக்குமூலம் சித்திரவதை செய்து வாங்கினால்தான் செல்லும் என்பது பொது விதி. அப்படி விசாரிக்க அவளைத் தருகிறேன் என்று சவால் விடுவது வழக்குரைகளில் சர்வசாதாரணமாக வரும் உத்தி. யூஃபிலெட்டோஸ் அந்தச் சவாலையும் விடவில்லை. சோஸ்ட்ராட்டோஸ் சாப்பிட்டுவிட்டுப் போனதைத்தான் பெரிய ஆதாரமாகக் காட்டுகிறான்: திட்டம் போட்டிருந்தால் நண்பனை அனுப்பியிருப்பேனா என்று. கெட்டிக்கார வாதம். அவளைப் பற்றிய மௌனத்தை அது அழகாக மூடிவிடுகிறது.

இன்றைய அளவுகோலை அன்றைக்குப் போட்டு அளக்கிறாய் என்று சிலர் சொல்லலாம். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் அளவுகோல் ஏதென்ஸுடையது. ஒருவரை இழிவுபடுத்தும் வன்செயலுக்கு அவர்கள் ஹூப்ரிஸ் என்றார்கள், அதற்கு எதிராகச் சட்டம் இருந்தது. குழந்தையோ பெண்ணோ ஆணோ, சுதந்திரமானவரோ அடிமையோ, யாருக்கு இழைத்தாலும் குற்றம் என்று அந்தச் சட்டம் சொன்னது. டெமோஸ்தெனிஸ் மெய்டியாஸுக்கு எதிரான உரையில் அதைப் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறார். எரதோஸ்தெனிஸைக் கட்டிப் போட்டு யூஃபிலெட்டோஸ் கேட்டது எந்தக் குற்றத்தைப் பற்றி? என் வீட்டுக்குள் நுழைந்து ஏன் ஹூப்ரிஸ் செய்தாய் என்றுதான். சட்டத்தில் "அடிமை" என்ற சொல் இருந்தது. வழக்குப் போட அவளுக்கு வழி இல்லை. ஏதென்ஸ் தன் வாயாலேயே சொன்ன விதியை வைத்துத்தான் கேட்கிறேன்.

இது ஏதென்ஸின் குறை மட்டுமில்லை. ரோமில் கி.மு. 18 வாக்கில் அகஸ்டஸ் கொண்டுவந்த சட்டம், கணவனின் கொல்லும் உரிமையை நன்றாகவே சுருக்கியது. மனைவியைக் கொல்லக் கூடாது. பிடிபட்டவனையும் அவன் அடிமை, நடிகன் போன்ற தாழ்ந்த நிலையினனாக இருந்தால்தான் கொல்லலாம். முன்னேற்றம்தான். ஆனால் அதே சட்டத்தில்தான், எஜமானருக்கு எதிராக அடிமையைச் சித்திரவதை செய்து சாட்சி வாங்கக் கூடாது என்ற பழைய ரோமானிய விதிக்கு விலக்கு வருகிறது. மேல்தட்டு ஆணின் உயிருக்குப் பாதுகாப்பு கூடியது, வீட்டு அடிமையின் உடம்புக்கு ஆபத்தும் கூடியது.

லிசியாஸ் இதையெல்லாம் கவனித்திருப்பாரா? முப்பது பேர் தன் குடும்பத்திடம் கொள்ளையடித்ததை 12-ஆவது உரையில் பட்டியலிடுகிறார்: 700 கேடயங்கள், வெள்ளி, தங்கம், செம்பு, நகை, தட்டுமுட்டுச் சாமான், பெண்களின் மேலாடை, 120 அடிமைகள். ஒரே பட்டியல், ஒரே மூச்சு. அநியாயத்தை நேரில் அனுபவித்த, உத்தரவுச் சாக்கை உடைத்தெறிந்த அந்த மனிதருக்கும் 120 பேர் சாமான்களின் வரிசையில்தான் வந்தார்கள். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. அவர் எழுதிய உரையை மூன்று தடவை படித்தும் அந்தப் பெண்ணை நானும் கேடயம் மாதிரி தாண்டிப் போனேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

உரையின் எழுத்துத் திறமையைப் பற்றி அன்று சொன்னதை மாற்றவில்லை. இவ்வளவு எளிமையாக, இவ்வளவு நம்பும்படி எழுதியவர்கள் பழங்காலத்தில் குறைவு. ஆனால் அந்தத் திறமை எதை நம்ப வைக்கிறது, எதைக் கவனிக்காமல் தாண்ட வைக்கிறது என்று சேர்த்துச் சொல்லாத பாராட்டு அரைகுறைப் பாராட்டு. யூஃபிலெட்டோஸ் விடுதலையானானா என்பதற்குச் சான்று எதுவும் மிஞ்சவில்லை. எதிர்த்தரப்பு உரையும் மிஞ்சவில்லை. மனைவிக்கும் உரையில் பெயர் கிடையாது.

என் மனைவியின் கேள்விக்கு இப்போதும் பதில் இல்லை. வாக்குக் கொடுத்தபடி அவளை விட்டானா, ஆலைக்கு அனுப்பினானா, உரை சொல்லவில்லை. அந்த அவைக்கு அது தேவைப்படவில்லை. பழைய பதிவை நீக்கப்போவதில்லை, அப்படியே இருக்கட்டும். மேலே ஒரு வரி சேர்த்து இதற்கு இணைப்பு கொடுத்திருக்கிறேன். "நேர்மையான குரல்" என்ற இடத்தை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.